கட்டைக்கு நேராகக் கட்டை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க முதல் தடவை போகிற தமிழ்நாட்டுப் பெற்றோர்களில் பலர் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிக் காட்டி முடித்ததும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். 'டொப் டொப்' என்று அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி சத்தம் வரும். முகம் மாறிவிடும். லட்சக்கணக்கான டாலர் கடன், முப்பது வருடத் தவணை, கடைசியில் அட்டை வீடா?

அங்கேயே நிறுத்தாமல் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் மாறும். 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கும். அங்கிருந்து 16 அங்குலம் தள்ளி மறுபடியும் ஒரு 'டொக்'. டிவி மாட்டுகிறவர்கள், சாமி படத்துக்கு ஷெல்ஃப் அடிக்கிறவர்கள் எல்லோரும் தேடுவது இந்த 'டொக்'கைத்தான். அதுதான் ஸ்டட். ஜிப்சம் அட்டைக்குப் பின்னால் நிற்கிற மரக்கட்டை. மாடியில் இருக்கிற கட்டில், பீரோ, குளிக்கும் தொட்டி, தொட்டியில் தண்ணீர், தண்ணீரில் ஆள், அதற்கும் மேலே கூரை, கூரைமேல் பனி, இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது ஒன்றரை அங்குல கனமுள்ள இந்தக் கட்டைகள்தான்.

நிற்கிற கட்டை ஸ்டட் என்றால், மாடித் தளத்துக்கு அடியில் வரிசையாகப் படுத்திருக்கும் கட்டைக்கு ஜாய்ஸ்ட் என்று பெயர். பழைய ஓட்டு வீடுகளின் மச்சில் குறுக்கே ஓடுகிற கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு ஜாய்ஸ்ட் உடனே புரிந்துவிடும். விஷயம் என்னவென்றால், மாடியின் ஜாய்ஸ்ட் கீழ்ச் சுவரின் ஸ்டட்டுக்கு நேர் மேலே உட்கார வேண்டுமா, இல்லை இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில் உட்கார்ந்தாலும் பரவாயில்லையா? மாடிச் சுவரின் ஸ்டட் ஜாய்ஸ்ட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டுமா? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் கட்டும்போது இதை யாரும் யோசிக்காவிட்டால் பிற்பாடு ஒருவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டை வாங்கினவர்.

கட்டுகிற முறையைப் பார்த்தால்தான் இது விளங்கும். முதலில் கான்கிரீட் அடித்தளம். அதன் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கட்டை. அதன்மேல் ஜாய்ஸ்ட்கள். ஜாய்ஸ்ட்கள்மேல் பலகை அடித்தால் கீழ்த்தளம் ஒரு மேடை மாதிரி தயாராகிவிடும். அந்த மேடையிலேயே சுவரைப் படுக்கவைத்துச் செய்வார்கள். கீழே ஒரு நீளக் கட்டை, மேலே ஒரு நீளக் கட்டை, நடுவில் ஏணிப்படி மாதிரி ஸ்டட்கள். ஆணி அடித்து முடித்ததும் நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள். எல்லாப் பக்கச் சுவரும் நின்றபின், மேல் கட்டையின் முதுகில் இன்னொரு கட்டையை, மூலைகளில் பக்கத்துச் சுவர்மேல் ஏறி உட்காரும்படி அடித்துப் பிணைப்பார்கள். இதுதான் இரட்டை டாப் பிளேட். இந்தக் கதையின் நாயகன் அதுதான், கொஞ்சம் பொறுங்கள். அதன்மேல் மாடியின் ஜாய்ஸ்ட்கள், மறுபடி பலகை, இரண்டாவது மேடை. அந்த மேடைமேல் மறுபடி சுவர். கடைசியில் கூரை. பிளாட்ஃபார்ம் ஃபிரேமிங் என்ற பெயர் வந்தது இந்த மேடைகளால்தான்.

அது ஏன் 16 அங்குலம்? தளத்துக்கும் சுவருக்கும் அடிக்கிற பலகை 4 அடிக்கு 8 அடி அளவில் வருகிறது. 48 அங்குலமும் 96 அங்குலமும். 16 அங்குல இடைவெளி வைத்தால் 48-இல் மூன்று, 96-இல் ஆறு, மிச்சமே வராது. பலகையின் ஓரம் எப்போதும் ஒரு கட்டையின்மேல் வந்து முடியும், ஆணி அடிக்க இடம் இருக்கும். 24 அங்குலமும் அப்படியே வகுபடும். அமெரிக்கக் கடையில் வாங்கிய அளவு டேப்பில் 16, 32, 48 என்று ஒவ்வொரு பதினாறுக்கும் தனி நிறத்தில் குறி இருக்கும். அதே டேப்பில் 19.2 அங்குலத்துக்கு ஒரு சின்னக் கருப்பு டைமண்டும் இருக்கும். பல பேர் வருடக்கணக்கில் டேப் வைத்திருந்தும் அது எதற்கென்றே தெரியாமல் இருப்பார்கள். 96-ஐ ஐந்தால் வகுத்தால் 19.2. எட்டடிப் பலகைக்கு ஐந்து இடைவெளி, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொரு வேடிக்கையும் சொல்லியாக வேண்டும். 'டூ பை ஃபோர்' என்று உலகமே சொல்கிற அந்தக் கட்டை இரண்டுக்கு நாலு அங்குலம் கிடையாது. ஒன்றரைக்கு மூன்றரை. 'டூ பை டென்' என்கிற ஜாய்ஸ்ட்டின் உயரம் பத்து கிடையாது, ஒன்பதே கால். பச்சை மரத்தை அறுத்து, காயவைத்து, இழைத்தபின் மிஞ்சுவது அது. பெயர் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. பேரில் ஒன்று சரக்கில் ஒன்று என்று 2017-இல் சிலர் கடைகள்மேல் வழக்கே போட்டார்கள். கன்ஸ்யூமர் லா படிக்கிறவர்கள் தேடிப் படிக்கலாம்.

ஸ்டட்டும் ஜாய்ஸ்ட்டும் நேராக வர வேண்டுமே என்கிற தலைவலி ஒரு காலத்தில் இல்லவே இல்லை. 1830-களில் சிகாகோவில் பரவிய முறைக்கு பலூன் ஃபிரேம் என்று பெயர். 1832-இல் ஜார்ஜ் ஸ்னோ கட்டிய கிடங்குதான் முதலாவது என்று சிலரும், 1833-இல் அகஸ்டின் டெய்லர் கட்டிய செயின்ட் மேரீஸ் தேவாலயம்தான் முதலாவது என்று சிலரும் சொல்வார்கள். அதுவரை கனமான உத்திரங்களைக் குடைந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்ட தேர்ந்த தச்சர்கள் வேண்டும். மில்லில் அறுத்த மெல்லிய கட்டைகளும், இயந்திரத்தில் செய்த மலிவான ஆணிகளும் கிடைக்க ஆரம்பித்ததும் கதையே மாறியது. சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்களே வீட்டை எழுப்ப முடிந்தது. அந்த முறையில் ஒரே ஸ்டட் அடித்தளத்திலிருந்து கூரைவரை இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கட்டையாக ஓடும். மாடி ஜாய்ஸ்ட்டை அந்த ஸ்டட்டின் விலாவில் வைத்து ஆணி அடிப்பார்கள், அடியில் தாங்க ஸ்டட்களில் வெட்டிப் பதித்த ஒரு பட்டைப் பலகை இருக்கும். ஜாய்ஸ்ட் ஸ்டட்டோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் நேர் வருமா வராதா என்ற பேச்சே எழாது.

பின் ஏன் விட்டார்கள்? இரண்டு காரணங்கள் பெரியவை. ஒன்று, இருபதடி நீளத்துக்கு நேரான கட்டை கிடைப்பது வரவர அரிதானது, கிடைத்தாலும் விலை. இன்னொன்று தீ. ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தடையே இல்லாமல் கீழிருந்து பரண்வரை போகும். கீழே அடுப்படிச் சுவருக்குள் பற்றினால் புகைபோக்கியில் ஏறுவதுபோல் நெருப்பு நேராகக் கூரைக்குப் போய்விடும். மாடியில் தூங்குகிறவர்களுக்கு ஓட நேரம் இருக்காது. பழைய பலூன் வீடுகள் இன்றும் ஏராளமாக நிற்கின்றன. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களுக்கு, கீழ்த்தளத்தில் தீ என்றாலும் உடனே பரணைப் பார் என்று இதற்காகத்தான் சொல்லித்தருகிறார்கள். பிளாட்ஃபார்ம் முறையில் ஒவ்வொரு மாடியிலும் படுத்திருக்கும் டாப் பிளேட் அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. ஆனால் தொடர்ந்து ஓடின கட்டை துண்டாகிப்போனதால், கீழ்த்துண்டும் மேல்துண்டும் நேர்கோட்டில் நிற்பது இனி தச்சரின் கவனத்தைப் பொறுத்தது என்றாகிவிட்டது. உயிருக்குப் பாதுகாப்பு வந்தது, எடையின் பாதை உடைந்தது. நல்ல பேரம்தான். ஆனாலும் பேரம் பேரம்தானே.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். நீளம் 38 அடி, அகலம் 26 அடி, இரண்டு தளம். நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர் ஓடுகிறது. ஜாய்ஸ்ட்கள் வெளிச்சுவரிலிருந்து நடுச்சுவருக்கு 13 அடி தாண்டுகின்றன. குடியிருக்கும் அறைக்கு ஒரு சதுர அடிக்கு 40 பவுண்டு மனிதர், சாமான் எடை என்றும், தளத்தின் சொந்த எடை 10 பவுண்டு என்றும் வைப்பது வழக்கமான கணக்கு. ஒரு ஜாய்ஸ்ட்டின் ஒரு முனைக்கு வரும் பங்கு ஆறரை அடி நீளம், 16 அங்குல அகலம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 430 பவுண்டு, அதாவது 195 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. 24 அங்குல இடைவெளி என்றால் 650 பவுண்டு, சுமார் 295 கிலோ.

இந்த எடை ஸ்டட்டின் நேர் தலையில் இறங்கினால் பிரச்சினை இல்லை. மரம் என்பது வைக்கோல் கட்டு மாதிரி. நிறுத்திவைத்து அமுக்கினால் அசையாது, படுக்கவைத்து அமுக்கினால் நசுங்கும். ஸ்டட் நிற்கிற மரம், டாப் பிளேட் படுத்த மரம். ஜாய்ஸ்ட் இரண்டு ஸ்டட்டுக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் பிளேட் ஒரு சின்னப் பாலமாக மாறி வளைய வேண்டியிருக்கிறது. ஒரு கட்டையாக இருந்தால் கஷ்டம். இரண்டு கட்டையை ஒன்றன்மேல் ஒன்று அடித்து, ஸ்டட் 16 அங்குலத்துக்கு ஒன்று என்றிருந்தால் அந்தப் பாலம் தாங்கிவிடும். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகிற குடியிருப்புக் கட்டட விதிப் புத்தகம் ஒன்று உண்டு. இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட் என்று பெயர், 2000-இல் முதல் பதிப்பு வந்தது. (பெயரில்தான் இன்டர்நேஷனல்.) அதன்படி இரட்டை பிளேட் இருந்து, ஸ்டட்கள் 16 அங்குலத்தில் இருந்தால் ஜாய்ஸ்ட் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஸ்டட்கள் 24 அங்குலத்திலும், மேலே ஜாய்ஸ்ட்கள் 16-க்கு அதிகமான இடைவெளியிலும் இருந்தால் மட்டும், ஜாய்ஸ்ட் ஸ்டட்டிலிருந்து 5 அங்குலத்துக்குள் வந்தாக வேண்டும். முடியாவிட்டால் மூன்றாவது பிளேட் போடு, அல்லது பிளேட்டைக் கனமாக்கு, அல்லது நடுவில் முட்டுக்கட்டை கொடு.

அந்த 38 அடி வீட்டுக்குத் திரும்பலாம். கீழ்ச் சுவர் செய்தவர் கிழக்கு மூலையிலிருந்து டேப் பிடித்து 16, 32, 48 என்று குறி போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து மாடி ஜாய்ஸ்ட் போட வந்தவர் மேற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தார், அங்கேதான் ஏணி இருந்தது. இருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை, அளவு மில்லிமீட்டர் சுத்தம். ஆனால் 38 அடி என்பது 456 அங்குலம். 456-ஐ 16-ஆல் வகுத்தால் இருபத்தெட்டரை. அந்த அரைதான் வினை. ஒவ்வொரு ஜாய்ஸ்ட்டும் மிகச்சரியாக இரண்டு ஸ்டட்டுக்கு நட்டநடுவில், 8 அங்குலம் தள்ளி உட்காரும். வீடு 40 அடியாக இருந்திருந்தால் 480, சரியாக முப்பது, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் நேராக வந்திருக்கும். இரண்டடி நீளத்தில் அவ்வளவு வித்தியாசம். அதனால்தான் விவரமானவர்கள் முதல் நாளே தளத்தில் ஒரு மூலையைத் தேர்ந்து, எல்லா மாடிக்கும் எல்லா அளவும் இங்கிருந்துதான் என்று எழுதிவைத்துவிடுவார்கள்.

அப்போதும் நூறு சதவீதம் நேர் வராது. நடுச்சுவரின்மேல் இரண்டு பக்க ஜாய்ஸ்ட்களும் சந்திக்கும்போது முனைக்கு முனை முட்டாமல் பக்கத்தில் பக்கம் படுத்து ஒன்றையொன்று தாண்டிப்போகும். அதனால் எதிர்ச்சுவரில் வரிசை முழுவதும் ஒன்றரை அங்குலம் நகர்ந்துவிடுகிறது. தச்சர்கள் கோடு போட்டு, கட்டை கோட்டுக்கு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஒரு எக்ஸ் குறியும் போடுவது இதற்காகத்தான். ஒரு சுவரில் எக்ஸ் கோட்டுக்கு வலது பக்கம், எதிர்ச் சுவரில் இடது பக்கம். எக்ஸ் மாறினால் ஜாய்ஸ்ட் எல்லாம் கோணலாக ஓடும், அதன்மேல் பலகை உட்காராது.

இனி காஸ்ட் அக்கவுண்டிங் நேரம். இந்த ஒட்டுமொத்தக் கவனக்குறைவையும் மன்னிக்கிற அந்த இரண்டாவது டாப் பிளேட்டின் விலை என்ன? வெளிச்சுவர் சுற்றளவு 128 அடி, இரண்டு தளத்துக்கு 256 அடி. அமெரிக்க மர அளவில் அது சுமார் 170 போர்டு ஃபுட். 2020 தொடக்கத்தில் மரத்தின் முன்பேரச் சந்தை விலை ஆயிரம் போர்டு ஃபுட்டுக்கு 400 டாலரை ஒட்டி இருந்தது. அப்படியென்றால் 68 டாலர். கோவிட் காலத்தில், 2021 மே மாதம், அதே விலை 1,600 டாலரைத் தாண்டியது. அப்போதுகூட 270 டாலர் சொச்சம்தான். கடை விலை இதைவிடக் கூடுதல் என்று வைத்தாலும், லட்சக்கணக்கான டாலர் வீட்டில் இது ஒரு பொருட்டே கிடையாது. இரண்டு ஆட்கள் தினமும் பேசிக்கொண்டு, ஒருவர் குறியை இன்னொருவர் சரிபார்த்துக்கொண்டிருக்க ஆகும் கூலி இதைவிட அதிகம். ஆக, கட்டடக்காரர் செய்வது சோம்பேறித்தனம் மாதிரி தெரிந்தாலும் கணக்கு சரி. அந்தக் கட்டை ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம்.

எழுபதுகளில் இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையும் வீடு கட்டுவோர் சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து, தேவையில்லாத மரத்தையெல்லாம் கழித்துவிட்டு ஒரு முறையைத் தயாரித்தார்கள். ஸ்டட் 24 அங்குலத்துக்கு ஒன்று, டாப் பிளேட் ஒன்றே ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை, கூரைக் கட்டை, மாடி ஸ்டட், ஜாய்ஸ்ட், கீழ் ஸ்டட் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அடுக்கிவைத்தமாதிரி நிற்க வேண்டும். ஒற்றை பிளேட்டுக்கு விதிப் புத்தகம் கொடுக்கிற சலுகை இப்போதும் 1 அங்குலம்தான். மரம் மிச்சம் என்பதோடு, குளிர் தேசத்தில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே கனத்தில் கண்ணாடி நார் மரத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். கட்டை குறைந்தால் அந்த இடத்தில் நார் அதிகம், ஹீட்டர் பில் குறையும். இத்தனை நல்லது இருந்தும் முழுமையாகக் கடைப்பிடிக்கிறவர்கள் இன்றும் குறைவு. ஹீட்டர் பில் கட்டுகிறவர் ஒருவர், கவனமாக அளக்க வேண்டியவர் இன்னொருவர். செலவு ஒரு லெட்ஜரில், வரவு வேறு லெட்ஜரில் இருந்தால் எந்தத் திட்டமும் ஓடாது.

அப்படியானால் நேராக நிறுத்துவது வெறும் தச்சர் வைராக்கியமா? சாதாரண ஸ்டட், சாதாரண ஜாய்ஸ்ட் விஷயத்தில், 16 அங்குலத்தில், ஆமாம், பாதி வைராக்கியம்தான். மன்னிப்பே கிடையாத இடம் வேறு.

பெரிய ஜன்னல், கார் ஷெட் கதவு, கூரையின் முகட்டு உத்திரம், இவற்றின் எடை பரவலாக இறங்காது. இரண்டு முனைகளில் குவிந்து, நாலைந்து கட்டையைச் சேர்த்து அடித்த ஒரு தூண் வழியாக இறங்கும். நூற்றுக்கணக்கில் இல்லை, ஆயிரக்கணக்கான பவுண்டு. இந்தத் தூண் மாடிச் சுவருக்குள் ஒளிந்திருக்கும். அது மாடித் தளத்தின்மேல், இரண்டு ஜாய்ஸ்ட்டுக்கு நடுவில் வந்து நின்றால், அதற்கு அடியில் இருப்பது முக்கால் அங்குலப் பலகை, அதற்குக் கீழே வெறும் காற்று. தூணுக்கு நேர் கீழே, தளத்தின் கனத்துக்குள் கட்டைத் துண்டுகளை நிறுத்தி, அதற்கு நேர் கீழே கீழ்ச் சுவரில் இன்னொரு தூண் கொடுத்து, கான்கிரீட்வரை கொண்டுபோய் விட வேண்டும். அந்தத் துண்டுக்கு ஸ்க்வாஷ் பிளாக் என்று பெயர். இப்போது அதிகம் புழங்குகிற ஐ வடிவ ஜாய்ஸ்ட்களோடு போடும்போது அதை ஜாய்ஸ்ட்டைவிட ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயரமாக அறுப்பார்கள், எடை முதலில் துண்டின்மேல் இறங்க வேண்டும், ஜாய்ஸ்ட்டின் மெல்லிய வயிற்றில் இறங்கக் கூடாது என்பதற்காக. ஒரு ரூபாய்க் காசின் கனம் அளவு வித்தியாசம். இந்தத் துண்டு மறந்துபோனால் வீடு மறுநாளே விழுந்துவிடாது. மெல்ல இறங்கும். மாடியில் ஒரு கதவு சரியாகச் சாத்தாது. ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஓடும். பெயின்ட் அடித்தால் அடுத்த வருடம் திரும்ப வரும்.

விரிசல் எல்லாமே இதனால்தான் என்றும் சொல்ல முடியாது. மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது, குறுக்கே சுருங்கும். ஒரு தளத்தில் படுத்திருக்கும் மரத்தைக் கூட்டினால் மூன்று பிளேட், ஒரு ஜாய்ஸ்ட், மொத்தம் பதினாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 19 சதவீத ஈரத்தோடு வந்த மரம் வீட்டுக்குள் 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் கால் அங்குலத்துக்கும் சற்று மேலே இறங்கும். எல்லாச் சுவரும் சேர்ந்து இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் மாடிப்படிக்குப் பக்கத்தில் அழகுக்காக இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே ஸ்டட்டாக விட்ட சுவர் இறங்காது. பக்கத்தில் இருப்பது இறங்கும், இது நிற்கும். விரிசல் அந்த இணைப்பில்தான்.

மாடிக் கழிப்பறை தனிக் கதை. வழக்கமாகக் கழிவுக் குழாயின் நடு, முடிந்த சுவரிலிருந்து 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு ஜாய்ஸ்ட் ஓடினால்? மர ஜாய்ஸ்ட்டில் துளை அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் 2 அங்குலம் நெருங்கக் கூடாது என்று விதி. ஒன்பதே கால் அங்குல ஜாய்ஸ்ட்டில் அது மூன்று அங்குலமும் ஒரு நூலும். கழிப்பறைக்குப் போடுகிற மூன்று அங்குல பிவிசி குழாயின் வெளி அளவு மூன்றரை. ஆக, சட்டப்படி அந்தக் குழாய் அந்த ஜாய்ஸ்ட்டுக்குள் நுழையவே முடியாது. பிளம்பர் வரும்போது ஜாய்ஸ்ட் அடித்து, பலகை அடித்து, சுவர் நிறுத்தி எல்லாம் முடிந்திருக்கும். அவர் கையில் இருப்பது ரம்பம். குடியிருக்கும் வீடுகளைப் பிரித்து வேலை செய்கிறவர்கள் குளியலறைக்கு அடியில் பாதி அறுபட்ட ஜாய்ஸ்ட்டைப் பார்ப்பது சர்வ சாதாரணம். முதல் நாள் மூலையிலிருந்து டேப் பிடித்தவர் கழிப்பறை எங்கே வருகிறது என்று வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்து, அந்த ஒரு ஜாய்ஸ்ட்டை நாலு அங்குலம் தள்ளி அடித்திருந்தால் போதும். இந்த இடத்தில் பதினாறுக்குப் பதினாறு என்று பிடிவாதமாக நின்றதுதான் தப்பு.

கட்டையை விட்டுவிட்டு முழுச் சுவரையே எடுத்துக்கொண்டால் விளைவு இன்னும் பெரியது. 1994 ஜனவரி 17, அதிகாலை 4.31. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மூன்று மாடி மர அடுக்ககத்தில் கீழ்த்தளத்தின் ஒரு பகுதி கார் நிறுத்தும் இடம். மேலே அறை அறையாகச் சுவர்கள், கீழே அந்தச் சுவர்களுக்கு நேராகச் சுவர் இல்லை, தூண்கள்தான். பக்கவாட்டு ஆட்டத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் மேல் இரண்டு மாடியும் கீழ்த்தளத்தின்மேல் உட்கார்ந்தன. அங்கே 16 பேர் இறந்தார்கள். ஸ்டட் 8 அங்குலம் தள்ளி நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், இது பக்கவாட்டு விசை. ஆனால் மேலே இருப்பதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம். கலிபோர்னியாவின் பல நகரங்கள் இந்த மாதிரிக் கட்டடங்களைப் பலப்படுத்தியே ஆக வேண்டும் என்று பின்னாளில் சட்டம் போட்டன.

வீடு வாங்குகிறவருக்கு இதையெல்லாம் பார்க்கக் கிடைப்பது சில நாட்கள்தான். கட்டைவேலை முடிந்து, குழாய், வயர் எல்லாம் ஓடியபின், ஜிப்சம் அட்டை அடிப்பதற்கு முன்னால் ஊர் நிர்வாகத்தின் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை வருவார். அவர் பார்ப்பது ஒரு நடை. கடன் கட்டப்போகிறவரும் அனுமதி கேட்டு, ஒரு டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். எல்லா ஸ்டட்டையும் அளக்க வேண்டியதில்லை. மாடியில் எங்கெல்லாம் மூன்று நாலு கட்டை சேர்ந்து நிற்கிறதோ அதற்கு நேர் கீழே வந்து, அண்ணாந்து பார்த்தால் போதும். அங்கே கட்டை இருக்க வேண்டும். காற்று இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். கழிப்பறைக்கு அடியில் ஒரு தடவை பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துவைத்து, தரையிலிருந்து உச்சிவரை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அட்டை அடிக்கிற ஆட்கள் வேகமானவர்கள். அவர்கள் வந்துபோனபின் மறுபடியும் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.